கையால் மாட்டிய டிஸ்க்

பஸ் டிப்போவில் கால அட்டவணை போடும் வேலை அவளுக்கு. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பகலெல்லாம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் எழுத்துதான். செருப்பு அலமாரியின் மேல் ஒரு பழைய கணினி. வீட்டுப் படங்கள், பாட்டு, வாசல் கேமரா எல்லாம் அதற்குள். நம் வீட்டுச் சங்கதி எவனோ ஒருத்தனுடைய கம்பெனியில் எதற்கு என்பது அவள் கட்சி. புருஷன் அவளுக்கு வைத்த பெயர் பெட்டிக்காரி.

அதில் அவள் போட்டிருந்த சிஸ்டம் ஒரு தினுசு. இதை ஏற்று, அதை மாற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதிவைத்தால் போதும், கணினி தன்னை அப்படியே அமைத்துக்கொள்ளும்.

"எழுதினது இருக்கும், எழுதாதது இருக்காது. இவ்வளவு நேர்மையான ஆள் உங்க வம்சத்துல உண்டா?" என்று புருஷனை வாருவாள்.

நாத்தனாருக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையகலப் பிள்ளை. பிழைக்குமோ பிழைக்காதோ என்று தினமும் படம் எடுத்ததில் போன் நிரம்பிவிட்டது. "என்கிட்ட குடுத்துட்டு போன்ல அழிச்சிடு. என் பெட்டியில பத்திரமா இருக்கும்" என்றாள் இவள். அண்ணி வாக்கை நம்பி அவளும் அழித்தாள்.

பிள்ளை பிழைத்தது. இன்று அதற்கு முதல் பிறந்தநாள். விருந்து அண்ணி வீட்டில். அந்தப் படங்களை டிவியில் காட்டுவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால் கணினிக்கு மூச்சுப் பேச்சில்லை. அழகாக இருக்கட்டும் என்று அதன் தலையில் பூச்சாடி வைத்திருந்த புருஷன், சாடி கவிழ்ந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காய வச்சா சரியாயிடும்ல?"

அவள் பார்த்த பார்வையில் அவன் துணியோடு சமையலறைக்குப் போய்விட்டான்.

அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கணினி ஒன்று பரணில் கிடந்தது. பாட்டு இருந்த டிஸ்க்கையும் படங்கள் இருந்த டிஸ்க்கையும் அதில் மாட்டினாள். கோப்பின் நகல் பென் டிரைவில் இருந்தது; அதையும் கொடுத்தாள். போட்ட டீ ஆறுவதற்குள் பாட்டு வந்தது, வாசல் கேமரா வந்தது. கேமராவில் நாத்தனார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதும் தெரிந்தது.

படப் பக்கத்தைத் திறந்தாள். ஒரு படம்கூட இல்லை.

"என்ன அண்ணி, காலியா இருக்கு?" பின்னால் நின்ற நாத்தனாரின் குரல் உடைந்தது. "நீங்க சொல்லித்தானே அழிச்சேன்."

டிஸ்க்கிலும் தண்ணீர் இறங்கிவிட்டதா? அண்ணி கோப்பை மேலிருந்து கீழே படித்தாள். படங்கள் இருந்த டிஸ்க்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்த டிஸ்க்கை வாங்கிய அன்றைக்குப் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் என்று போன் வந்தது. அவசரத்தில் கோப்பில் எழுதாமல், ஒரு கட்டளை தட்டிக் கையால் இணைத்துவிட்டு, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஓடினாள். கரண்ட் போனாலும் தாங்கும் பேட்டரி புண்ணியத்தில் கணினி அன்றிலிருந்து அணையவே இல்லை, அதனால் குட்டு வெளிப்படவும் இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் தனக்கு மட்டும் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கோப்புல எழுதாம அன்னிக்குக் கையால மாட்டிட்டேன், அதான்" என்று சொல்லிக்கொண்டே டிஸ்க்கை இணைக்கும் கட்டளையைத் தட்டினாள். கண்ணாடிப் பெட்டி வந்தது. அதற்குள் பிள்ளை வந்தது. வரிசையாக அத்தனையும் வந்தன. நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வா, டிவியில போடலாம்" என்று எழுந்தாள் அண்ணி.

"இருங்க அண்ணி. இப்பவும் கையாலதானே மாட்டுனீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டாள். திரும்ப உட்கார்ந்து அந்த வரியைக் கோப்பில் எழுதினாள். தினமும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுக்கவும் சேர்த்து எழுதினாள். பிறகு நாத்தனார் கண் முன்னாலேயே கணினியை அணைத்துப் போட்டாள். யாரும் எதையும் தொடாமலே கண்ணாடிப் பெட்டி திரும்ப வந்தது.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் போனை அண்ணி கையில் திணித்தாள்.

"இன்னிக்கு எடுத்ததையும் ஏத்திட்டு, இதுல அழிச்சிடுங்க."