மூக்கில் கட்டிய ஈரச் சாக்கு

பிக்கப்பில் நானும் சாச்சாவும் இருக்கிறோம். அதன் சொந்தக்காரனான மச்சான் இல்லை; இருந்திருந்தால் என்னை ஓட்ட விட்டிருக்க மாட்டான். மதுரங்குளியில் வாங்கிய பழைய படகொன்றைப் பின்னால் கட்டி, பள்ளிவாசல்துறைக்கு இழுத்துப் போகிறோம்.

பாலாவி தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. இஞ்சின் போனால் மச்சானின் பிழைப்பும் போய்விடும். குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவன் நான். இதற்கும் ஏற்பாடு செய்துதான் புறப்பட்டேன். மீனை மூடும் ஈரச் சாக்கொன்றை ரேடியேற்றருக்கு முன்னால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு போகும் என்று சாச்சாவுக்கு வழியெல்லாம் பாடம் நடத்தியும் இருக்கிறேன். சாக்கு காய்ந்துவிட்டதாக்கும் என்று, தெருவோரத்துத் தண்ணீர்க் கடையில் நிறுத்துகிறேன்.

கடைக்காரப் பெண் வந்து எட்டிப் பார்க்கிறார்.

"உள்ள மீனா இருக்கு தம்பி?"

"இல்ல ராத்தா, இஞ்சின்."

"அப்ப ஏன் அதுட மூக்கப் பொத்தி வெச்சிருக்கீங்க? காத்து எப்பிடிப் போற?"

நான் சாச்சாவைப் பார்க்கிறேன்.

"ஓம் மகன், எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சு," என்கிறார் அவர். "படிச்ச புள்ள கட்டினதாச்சே எண்டு பேசாம வந்த."

சாக்கை அவிழ்க்கிறேன். நன்றாக ஆறிய பிறகே ரேடியேற்றர் மூடியைத் திறந்து நீர் ஊற்றுகிறோம். பக்கத்துக் களப்பு முழுக்க உப்பு நீர் என்பதால் இஞ்சினுக்கும் குடிதண்ணீர்தான். புறப்பட்டதும் முள் நடுவில் போய் நிற்கிறது, அசையவேயில்லை.

ராத்தா புத்திக்குக் காசு கேட்கவில்லை. தண்ணீருக்கு மட்டும் முப்பது ரூபா.