பெயர் சொல்லி ஏவியது

நாகேஸ்வரன் என் கணவரின் அண்ணா. அந்த உறவு மட்டும் இல்லையென்றால் அவர் முகத்தில் விழிக்கவே மாட்டேன். வலியசாலையில் எங்களுக்கு எதிர்வீடு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கர்க்கடக மாதம், அதாவது ஆடி, பிறந்தால் போதும், கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து ராமாயணம் வாசித்துச் சொல்ல உட்கார்ந்துவிடுவார். தெருவே 'மாமா, மாமா' என்று உருகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷம் தவறாமல் ஒரு விளக்கம் சொல்வார். அம்பு வேறு, அஸ்திரம் வேறு. அம்பு வில்லை விட்டால் போயிற்று, எதிரே நிற்பவர்மேல் படும். அஸ்திரம் மந்திரம் சொல்லி இன்னாருக்கென்று பெயர் வைத்து ஏவுவது.

போன வருஷம் நாகர்கோவிலிலிருந்து என் மகள் ஆர்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் இந்த மனுஷர் அவர்களிடம், "நம்ம ஆர்யாவுக்கு வலிப்பெல்லாம் தேவலையோல்லியோ?" என்றார். அவள் விழுங்கின மாத்திரையின் பெயரையும் சொன்னார். வலிப்பு ஏழு வயதில் இரண்டு தடவை வந்தது. அப்புறம் பதினெட்டு வருஷமாக இல்லை. நாங்களே பக்குவமாகச் சொல்ல இருந்தோம். வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள்.

"வாய் தவறி வந்துடுத்து" என்றார். நாசமாய்ப் போக! தன் மச்சினன் மகனை ஆர்யா வேண்டாம் என்றதிலிருந்தே அவருக்குக் கறுவல்.

இப்போது கிருஷ்ணகுமார் என்ற பையனின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. மறுபடியும் அவர் வாயைத் திறந்தால்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் அதே விளக்கத்தை அவர் ஆரம்பித்தபோது ஆர்யா எழுந்து நின்றாள்.

"பெரியப்பா, அன்னிக்கு நீங்க விட்டது எது? அம்பா, அஸ்திரமா?"

அவர் சிரித்தார். "என்னடி இது? அம்புதான். நான் குறி வைக்கலை."

"குறி வைக்காமயா என் பேர், வியாதி, நான் முழுங்கின மாத்திரையோட பேர் எல்லாம் சொன்னேள்? மாத்திரை பேர் எங்கம்மாவுக்கே ஓர்மை இல்லை. யார்கிட்ட கேட்டு வச்சுண்டேள்?"



"பொண்ணாப் பொறந்தவ சபையில பேசற விஷயமாடி இது?" என்று அவர் சீறினார்.

"நீங்க பேசலாம், நான் பேசப்படாதோ?" ஆர்யா குனிந்து அவர் முன்னாலிருந்த மைக்கை எடுத்தாள். ஒலிபெருக்கி தெருக்கோடிவரை கேட்கும். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. எனக்குச் சின்ன வயசில வலிப்பு வந்தது. பதினெட்டு வருஷமா இல்லை. இன்னிக்குக் காலையில கிருஷ்ணகுமாரோட அம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை வரோம்னுட்டா."

எனக்கே அது புதுச் செய்தி. கண் நிறைந்துவிட்டது, நன்றாக அழுதேன்.

ஆர்யா மைக்கை அவர் மடியில் வைத்தாள்.

"என்னைப் பத்திச் சொல்ல உங்ககிட்ட இனி ஒண்ணும் இல்லை, பெரியப்பா. வாசியுங்கோ."