உடம்பில் சேராத கீரை

தி.நகரில் எங்கள் வளையல் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது தெருவே இருண்டு கிடந்தது. “கரன்ட் போயிடுச்சா?” என்று கணவர் ஜாஃபரிடம் கேட்டேன்.

“எல்லா லைட்டும் எரியுதே, நூரு” என்றார்.

அடுத்த அடியில், நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரின் மேல் மோதி விழுந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்துகொண்டிருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன். எனக்குப் பகலில் ஊசியில் நூல்கூடக் கோர்க்க முடிந்தது. பொழுது சாய்ந்தால் எதிரில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. புதுக் கண்ணாடியும் உதவவில்லை. இது மாலைக்கண் (மங்கிய வெளிச்சத்தில் பார்வை இல்லாமல் போவது) என்று நானே முடிவு கட்டினேன். கண்ணுக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கினேன். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மா ஒருநாள் கேட்டார்: “இன்னாம்மா, டெய்லி இவ்ளோ வாங்கிக்கினு போற? வூட்ல விருந்தா?” காசைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் கணையத்தில் (செரிமான நீர் சுரக்கும் உறுப்பு) நெடுநாளாக அழற்சி. எண்ணெய் பட்டால் வயிற்றைப் பிடுங்கும். அதனால் எல்லாவற்றையும் வெறுமனே அவித்துத் தின்றேன். கண்கள் வறண்டு, மணல் விழுந்ததுபோல் உறுத்தின. இடது கண் சிவந்து வலித்தது. நான் இன்னும் அதிகமாகத் தின்றேன். ஒருநாள் கேரட் முழுவதையும் வாந்தியெடுத்தேன். ஜாஃபர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“போதும் நூரு, விட்டுடு.”

“இதையும் விட்டா எனக்கு வேற என்னங்க இருக்கு?”

மறுநாள் காலையில் அடையாறில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்டார். மலம் எண்ணெய்ப்பசையாக மிதக்கிறதா என்றார். ஆமாம் என்றேன்.

“நீங்க சாப்பிடுறது கண்ணு வரைக்கும் போகவே இல்லம்மா. கீரையில இருக்கிற சத்துதான் உடம்புல வைட்டமின் ஏ ஆகுது. அது சேரணும்னா கொழுப்பு செரிக்கணும். உங்க கணையத்தால அது முடியல.”

அத்தனை தட்டுக் கீரையும் வீண். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“பார்வை திரும்புமா டாக்டர்?”

“வலது கண்ணு திரும்பும்னு நம்புறேன். இடது கருவிழியில புண் ஆழமா இருக்கு. தழும்பு நின்னுடும்மா.”

வைட்டமின் ஏ-வைத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். சாப்பாட்டோடு விழுங்க நொதி மாத்திரை (கொழுப்பைச் செரிக்க உதவுவது) தந்தார்கள். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் விடச் சொன்னார்கள். உங்களுக்கும் மாலையில் கண் இருட்டினால் மருத்துவரிடம் போங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். மிஞ்சினால் அது கல்லீரலைக் கெடுக்கும்.

சில நாட்களில், மக்ரிப் பாங்கு (மாலைத் தொழுகைக்கான அழைப்பு) கேட்கும் நேரத்தில், ஜாஃபரின் தாடி தெரிந்தது. கையை நீட்டித் தொட்டேன். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் வெறும் புகையாக இருந்தார். அழுதுவிட்டேன். இடது கண் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

கல்லீரல் இந்தச் சத்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்குமாம். என்னுடையது சத்தமில்லாமல் தீர்ந்திருக்கிறது. நான் நலமாக இருப்பதாக எண்ணிக் கடையில் சிரித்துப் பேசிய நாட்களிலேயே என் இருட்டு தொடங்கிவிட்டிருக்கிறது. அதன் பிறகு என் உடம்பு சொல்லும் எதையும் என்னால் நம்ப முடியவில்லை. இன்று மாலை தெருவிளக்கு தெரிந்தால், அது என்றோ உடம்பில் சேர்ந்த உணவு. இப்போது மெல்லும் இந்தக் கவளம் எந்த மாலைக்கு என்று தெரியாமல் மென்றுகொண்டிருக்கிறேன்.