சிப்பாய்க்குப் பதில் சொல்லாத மதினி

டிவி திரையில், கிணற்றடியில் ஒரு சிப்பாய் நிற்பான். கையில் ஈட்டி, பக்கத்தில் குதிரை. கிட்டே போனால் போதும், ‘மன்னர் அழைக்கிறார், போருக்கு வருகிறாயா?’ என்று இங்கிலீஷில் கேட்பான். என் மதினி அவனுக்குப் பதிலே சொல்ல மாட்டாள். கோழிக்குத் தீனி போடுவாள், ஆற்றில் தூண்டில் போடுவாள், அவனைத் தாண்டித் தண்ணீர்க் குடத்தோடு போவாள். “நிக்கட்டும். கல்யாண வீட்ல கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ள மாதிரில்லா நிக்கான்” என்பாள். வீடியோ கேமை இப்படியும் விளையாடலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. ராதாபுரத்துப் பெண். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அண்ணனுக்குக் கங்கைகொண்டானில் ஷிஃப்ட் வேலை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டு அவர்களோடு இருந்தேன். கேம் கன்சோலை வாங்கியவன் அண்ணன்தான். ஒரு கேமைத் தொட்டால் அதை முடித்தே தீர வேண்டும் அவனுக்கு. இருப்பதிலேயே கடினமான நிலையில்தான் ஆடுவான். பாத்திரங்கள் பேச வாயைத் திறந்தால் பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவான். அந்தப் போர் விளையாட்டையும் அப்படித்தான் முடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மதினி, ஒரு காட்சியில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சிப்பாயிடம் ‘வருகிறேன்’ என்று அண்ணன் சொன்ன மறுநிமிடம் எதிரிகள் வந்து, சந்தையும் அதில் முட்டை விற்கிறவளுமாக இருந்த ஊரைக் கொளுத்திவிட்டார்கள்.

“அந்த முட்டைக்காரி என்ன ஆனா?” என்று கேட்டாள்.

“செத்துருப்பா. அது கதைல்லா. அதுக்குத்தான் நாம பழி வாங்கப் போறோம்.”

அந்த வாரமே மதினி தன் பேரில் தனியாக ஒரு ஆட்டம் தொடங்கினாள். சிப்பாய்க்குப் பதில் சொல்லாதவரை போர் வராது என்பதை அவளே கண்டுபிடித்தாள். ஊர் அப்படியே இருக்கும். கொல்லன் காலையில் உலை மூட்டுவான், முட்டைக்காரி சந்தைக்கு வருவாள், மழை பெய்யும், பயிர் விளையும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, காப்பியோடு உட்கார்ந்தால் அந்த ஊருக்குள் ஒரு நடை போய்விட்டு வருவாள். நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளை அதட்டி மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு அவள் சொல்கிறபடி கேட்கிற இடம் அது ஒன்றுதான் இருந்தது. அண்ணனின் சிநேகிதர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சும்மா இருக்க மாட்டார். “என்ன, இன்னும் முதல் படியிலயே நிக்கீங்க?” என்பார். மதினி திரும்பிக்கூடப் பார்க்காமல், “நெல்லு விளஞ்சு கெடக்கு அண்ணாச்சி, அறுக்கணும். சண்டைக்கெல்லாம் நேரமில்ல” என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அண்ணனுக்கு அது சிரிப்பாக இல்லை. அவனுக்கு அது பரிதாபமாகப் பட்டது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவன் நல்லவன், அதுதான் தொல்லை. மதினி ஒரு காதுகுத்துக்கு ராதாபுரம் போயிருந்த அன்று அவனுக்கு வார விடுப்பு. நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். “பாவம், அந்த இடத்துலயே மாட்டிக்கிட்டா. சொல்லக் கூச்சப்படுதா. நான் தாண்டி விட்டுட்டேன்” என்றான். மதினியின் பசுவையும் கோழிகளையும் விற்று வாள் வாங்கியிருந்தான். கவசம் வாங்கியிருந்தான். கோட்டையைப் பிடித்திருந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

மதினி தோளில் பையோடு வந்தவள், பையை இறக்காமலே திரையைப் பார்த்தாள். தங்கக் கவசத்தில் யாரோ ஒருவன் நின்றான். “ஊருக்குப் போங்க” என்றாள். அண்ணன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். கிணறு இருந்தது. வேறெதுவும் இல்லை. பழைய நிலைக்குத் திரும்பவும் வழியில்லை, அவள் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தின் மேலேயே அவனுடைய வெற்றி பதிவாகியிருந்தது.

“ஒங்கள யாரு செய்யச் சொன்னா? தெரியாம நிக்கேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா? தெரிஞ்சுதான் நின்னேன்!” என்று கத்தினாள். அப்புறம் அழுதாள். கணக்கு டீச்சர் பொம்மைக் கோழிக்கு அழுதாள் என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சதுரங்கத்தில் ராஜா விழுந்ததற்கு முகம் தொங்கிப்போகிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டில் தோற்றதற்குச் சோறு வேண்டாம் என்றவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அதெல்லாம் நிஜம், இது மட்டும் பொம்மையா?

மறுநாள் அவள் முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு கோழியிலிருந்து. தன் ஆட்டத்துக்கு ரகசிய எண் வைத்துப் பூட்டினாள். “எதுக்குளா பூட்டு? நான் என்ன களவாணியா?” என்றான் அண்ணன். “ஆமா” என்றாள்.

இப்போது எனக்கும் வேலை, சம்பளம், சொந்தமாக ஒரு கன்சோல் எல்லாம் இருக்கிறது. இருப்பதிலேயே சுலபமான நிலையில்தான் ஆடுகிறேன். பாதியில் விடுகிறேன். பந்தயக் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மலையைப் பார்க்கிறேன். அலுவலகத்தில் ஒருவர், “இதுக்குப் பேரு விளையாட்டா?” என்று சலித்துக்கொள்கிறார். ஆமாம் சார், இதற்குப் பேர் விளையாட்டுதான். ஜெயிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை, அதை விதி என்று என் தலையில் கட்டாதீர்கள். வேலையிலும் வீட்டிலும் ஊரார் சொல்லும் வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். சாயங்காலம் கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும் எனக்கு ஒரு மேஸ்திரி வேண்டாம்.

போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்கு நரைத்துவிட்டது. ஷிஃப்ட் வேலை உடம்பை வாட்டியிருக்கிறது. திரையில் மதினியின் ஊர் இப்போது பெரிய ஊர், ஆற்றங்கரை முழுக்கத் தோட்டம். பார்த்துக்கொண்டே இருந்த அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“ஒன் ஊருக்குள்ள நானும் பைய ஒரு நடை போயிட்டு வரட்டா? ஒண்ணையும் தொட மாட்டேன்.”

எனக்கு மனசு இளகிவிட்டது. மதினிக்கு இளகவில்லை. “வேண்டாம். ஒங்க பேர்ல புதுசா ஆரம்பிங்க. எரிக்கணும்னா எரிங்க, வளக்கணும்னா வளங்க. அது ஒங்க ஊரு” என்று சொல்லிக் கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தாள்.

அண்ணன் தொடங்கினான். கொஞ்ச நேரம் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு திரும்பி, “கோழி எங்கன கிடைக்கும்? நீ சொல்லேன்” என்றான்.

“தேடுங்க” என்றாள் மதினி.