இடது முன்சக்கரத்தின் உள்பக்கம்

உத்தரவாதப் புத்தகம், பதினான்காம் பிரிவு, இரண்டாம் பத்தி: பிரேக் தொடர்பான எந்தப் புகாருக்கும், பெறப்பட்ட ஏழு வேலை நாட்களுக்குள் ஆய்வின் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும். நான்காம் பத்தி: வெளியார் யாரேனும் பிரேக்கைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது. இரண்டாம் பத்தியைச் சர்வீஸ் சென்டர்காரர்கள் படித்ததில்லை. நான்காம் பத்தியை என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஐந்து வாரங்களும் இப்படித்தான் போயின.

சத்தத்தை முதலில் கேட்டது என் மனைவி. விஜயநகர் நான்காம் கட்டத்தில், எங்கள் தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் காரை மெதுவாக்கினேன். "ஏங்க, எலும்பு உரசற மாதிரி இருக்கு" என்றாள். முப்பது வருடம் நர்சாக இருந்தவள்; எலும்பு உரசும் சத்தம் அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் டிஸ்க் லேசாகத் துருப்பிடிக்கும், நாலு தடவை மிதித்தால் சரியாகிவிடும் என்று நான் விளக்கினேன். நாற்பது தடவை மிதித்தும் சரியாகவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஒரு இளைஞர் குனிந்து, சக்கரத்தின் இடைவெளி வழியாகக் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தார். "ஏனூ ப்ராப்ளம் இல்லா சார், பேட் சென்னாகிதே" என்று கன்னடத்தில் சொன்னார். பிரேக் பேட் நன்றாகத்தான் இருக்கிறது என்று காகிதத்திலும் டிக் போட்டுக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றவில்லை. நான் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றதற்கு முத்திரையும் வாங்கினேன். மறுநாளே மின்னஞ்சல் வந்தது: 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.' அந்த வாக்கியத்தை அரசு அலுவலகத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு நானே அனுப்பியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியாதா?

சாதாரண நாளாக இருந்தால் காத்திருந்திருப்பேன். ஆனால் கோயம்புத்தூரில் மகளுக்கு ஜூலை நடுவில் பிரசவம். முதல் கர்ப்பம் ஏழாம் மாதத்தில் கலைந்து போனவள். இந்த முறை அம்மா பக்கத்தில் இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். அங்கே போகத் திம்பம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிற பாதை அது.

வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. மிக்ஸி ஓடினால் எழுந்தேன். பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டை இழுத்தால் எழுந்தேன். தேதி, வேகம், மழையா வெயிலா, பிரேக்கை மிதிக்கும்போதா விடும்போதா என்று கட்டம் போட்டு எழுதி வைத்தேன். நினைவூட்டல் கடிதம் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதின் நகல் மேலாளருக்கு. பதில் இல்லை. அந்த டிக்கை எடுத்து எடுத்துப் பார்த்ததில், சத்தமே என் காதின் கோளாறோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. எழுத்தில் இருப்பதை நம்பியே சம்பளம் வாங்கியவன் நான்.

மனைவி ஒரு காலையில் பேனாவைப் பிடுங்கி வைத்தாள். "சும்னே எழுதிக்கிட்டே இருக்கீங்க. எறங்கி வாங்க. நான் சொல்ற மாதிரி வண்டிய எடுங்க."

ஆளில்லாத தெருவில் நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொன்னாள். அவள் காரோடு கூடவே நடந்தாள், முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். "மிதிங்க. விடுங்க. இன்னொரு தடவை." வார்டில் நோயாளியை மூச்சிழுக்கச் சொல்லும் அதே குரல். கடைசியில் இடது முன்சக்கரத்தின் அருகே நின்று பானெட்டைத் தட்டினாள்.

"இதுதான். மிதிச்சா அரைக்குது, விட்டா நிக்குது."

"அவங்க எழுதிக் கொடுத்ததுல..."

"எழுதினவங்க தொறந்து பாத்தாங்களா?" என்றாள். "நாளன்னிக்கு பஸ்ல ஒரு சீட்டு போட்டாச்சு. ஒண்ணுதான். நீங்க பதில் வந்தப்பறம் மெதுவா வாங்க."

முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். அவள் தனியாகப் பஸ் படியேறுவதை நினைத்துப் பார்த்தேன். பதினான்காம் பிரிவு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் ஒருவர் இருந்தார், கொள்ளேகால் பக்கத்துக்காரர். ஊர்ந்துதான் போனோம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார்.

"பேட் நல்லா இருக்குன்னு எழுத்திலேயே கொடுத்திருக்காங்க" என்று காகிதத்தை நீட்டினேன்.

"நல்லாத்தானுங்க சார் இருக்குது, வெளிப்பக்கம்." பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கி, உள்பக்கத்துப் பேடை உருவி என் கையில் வைத்தார். வெறும் இரும்புத் தகடு. "பேடுங்கறது ரெண்டுங்க. இந்த பின்னு துருவேறிப் புடிச்சுக்கிச்சு, காலிப்பரு நகரவே இல்ல. அதனால உள்பக்கத்துப் பேடு மட்டும் உரசி உரசித் தேஞ்சு போச்சு. வெளிய நின்னு லைட்டு அடிச்சா எப்படிங்க தெரியும்?" டிஸ்கைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுதும் வட்டம் வட்டமாக உழுதிருந்தது. "இத வச்சுக்கிட்டு எந்த வழியா போறதா இருந்தீங்க?"

"திம்பம்" என்றாள் மனைவி.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னைச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார்.

புது டிஸ்க், இரு பக்கமும் புதுப் பேட், பின்களுக்குச் சூடு தாங்கும் கிரீஸ். வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஜாக்கியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாக மிதிக்க வேண்டும் என்றார். அதனால் திம்பத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனால் தன் கருத்தைச் சொன்னார். மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு, அடிவாரம் வரை வெளியே காதைக் கொடுத்தபடி வந்தாள். பஸ் டிக்கெட் அவள் கைப்பையில் ரத்தாகாமல் கிடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், சொன்ன தேதிக்கு முன்பே, மகளுக்கு வலி எடுத்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பேத்தி பிறந்தாள்.

பேத்திக்குப் பதினோரு நாள் ஆனபோது, மனைவி அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில் என் கைபேசியில் சர்வீஸ் சென்டரின் மின்னஞ்சல் வந்தது. "படிங்க" என்றாள் மனைவி. படித்தேன்: தங்கள் புகார் முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது, பிரேக் அமைப்பில் குறை ஏதும் காணப்படவில்லை, வாகனத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். புகார் கொடுத்தது ஜூன் ஐந்து. பதிலின் தேதி ஜூலை இருபத்து மூன்று, புதன்கிழமை.