பரவாயில்லை என்று சொன்னவர்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவரைக் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் ‘மாஸ்டர்’ என்பாள். பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, மெல்ல மேலே வந்தவர். துணி உருளைகளைத் தூக்கித் தூக்கி, நீள மேசைமேல் குனிந்து குனிந்து, முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. உடம்பு முடியாமல் போனவர்களுக்குப் பாதிச் சம்பளம் தரும் காப்பீடு தொழிற்சாலையில் இருந்தது. கொஞ்ச காலம் வந்தது. பிறகு காப்பீட்டுக் கம்பெனி நிறுத்திவிட்டது.

காரணம் ஒரே வார்த்தை. போகும்போதெல்லாம் டாக்டர், “இப்ப எப்படி இருக்கு?” என்பார். “பரவாயில்லைங்க” என்பார் மாஸ்டர். ‘முன்னேற்றம் இருப்பதாகச் சொல்கிறார்’ என்று டாக்டர் எழுதிவைப்பார்.

“ஊருக்கெல்லாம் பரவாயில்லை, எனக்கு மட்டும் ஐயோ அம்மாவா?” என்றாள் மனைவி, வழக்குப் போடப் போன இடத்தில், வக்கீலம்மாவின் அறையிலேயே.

“கேட்டவுடனே மூக்கால அழச் சொல்றியா? பாவம், வெளியில அத்தனை பேர் காத்துக்கிட்டிருந்தாங்க.”

“அவங்க எல்லாரும் வலிக்குதுன்னு சொல்லத்தான் வந்திருந்தாங்க.”

இவரால் குனியவே முடியாது, ‘பரவாயில்லை’ இவர் வாயில் வரும் உபசார வார்த்தை என்று டாக்டர் பிற்பாடு ஒரு கடிதம் கொடுத்தார். அதற்குள் கம்பெனி தன்னிடம் வந்த மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டுக் கோப்பை மூடியிருந்தது. மூடிய கோப்பில் இருப்பதை மட்டும்தான் கோர்ட் படிக்கும் என்றாள் வக்கீலம்மா.

“நான் கூண்டுல ஏறிச் சொல்றேங்க. இவருக்குச் செருப்பு மாட்டி விடறதே நான்தான்.”

“இந்த வழக்குல கூண்டே கிடையாதும்மா. சாட்சியும் கிடையாது.”

“அப்ப நாங்க எதுக்கு? கோப்பை மட்டும் வண்டியில ஏத்தி அனுப்பிடுங்க.”

இருந்தாலும் போனார்கள். நீதிபதி நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். சுவரில் சாய்ந்து நின்ற மாஸ்டரைப் பார்த்து, “அவர் உக்காரலாமே” என்றார்.

“உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்கய்யா” என்று மனைவி எழுந்தேவிட்டாள். வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அது கோப்பில் இல்லை.

டாக்டரின் கடிதத்தை நீதிபதி தேதி பார்த்து ஒதுக்கி வைத்தார். இவருக்கு வலி உண்டா இல்லையா என்பது தன் முன் உள்ள கேள்வி அல்ல என்றார். கோப்பைப் படித்த ஒருவர், இவர் வேலை செய்யக்கூடியவர் என்ற முடிவுக்கு வர இடமிருக்கிறதா என்பதே கேள்வி. இடமிருந்தது. வழக்கு தள்ளுபடி.

அந்த வாரமே தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. வேலைக்குத் தகுதியானவர் என்று ஆகிவிட்டதால், திங்கட்கிழமை வராவிட்டால் தானாக விலகியதாக எடுத்துக்கொள்வார்களாம். விலகினால் இத்தனை வருஷத்துப் பணிக்கொடைக்கும் இழுபறிதான்.

திங்கட்கிழமை விடியலில் மனைவி பழைய சேலையை நாலாக மடித்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் இறுக்கு.”

“மூச்சு முட்டும்ங்க.”

“முட்டட்டும். குனியறப்ப பிடிப்பு வேணும்.”

அவள் முழங்காலை அவர் முதுகில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, அவள் கீழே உட்கார்ந்து செருப்பை எடுத்தாள்.