கணக்கு டீச்சருக்கு ஒரு மாப்பிள்ளை

கண்டக்குழிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஆசிரியர்கள் வந்த கிழமையிலேயே இடமாற்றத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களை நிறுத்திவைப்பதே கமறியாவின் வாழ்க்கையாகிப் போனது. பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கிற மனுசிக்கு இந்த வேலையை யார் கொடுத்தது? ஒருவரும் இல்லை. அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அறை பார்த்துக் கொடுப்பாள், மீன் பொரித்து அனுப்புவாள், காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருப்பாள். எல்லாவற்றையும் தின்றுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள்.

போன வருடம் அக்கரைப்பற்றிலிருந்து ருஷ்தா டீச்சர் கணக்குப் படிப்பிக்க வந்தார். கமறியாவின் மகள் அஸ்காவுக்குச் சாதாரணதரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்கென்றாலே அழுகிற பிள்ளை, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் கணக்குச் செய்தது. இந்த டீச்சரும் போனால் அஸ்கா தவறிவிடுவாள். கமறியாவுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. அவளுடைய மூத்த மகன் ஃபாஹிம் அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சேர். ஊரில் பிறந்து ஊரிலேயே படிப்பிக்கிற ஒரே ஆள்.

“இவனுக்கு ருஷ்தாவ முடிச்சு வச்சா, அவ எங்க போவா?” என்று பள்ளிக்கூட அதிபர் ஜவாஹிரிடம் கேட்டாள்.

“மாஷா அல்லாஹ், நல்ல ஐடியா ராத்தா!” என்று அவரும் குதித்தார். படித்த மனுசன்!

பெண் கேட்டுப் போன இடத்தில் கமறியா கௌரவமாகவே பேசினாள். “சீதனம், வீடு எண்டு நாங்க ஒண்டும் கேக்கல்ல.”

“கேக்காட்டி என்ன? பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டாம நாங்க குடுக்கிறல்ல. ஊடு ரெடி,” என்றார் ருஷ்தாவின் வாப்பா.

கமறியா சந்தோசமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். நம்மவர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். கமறியாவின் புருசனே கற்பிட்டியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர்தான். இருந்தும், உத்தியோகம் இங்கே இருக்கும்போது வீடு அங்கே சும்மா பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தாளே, அவளை என்ன சொல்ல!

நிக்காஹ் முடிந்தது. கலியாணத்தைக் காரணம் காட்டி இருவருமே அக்கரைப்பற்றுக்கு மாற்றம் கேட்டார்கள். இருவருக்கும் கிடைத்தது.

“ஒரு டீச்சர நிப்பாட்டப் போய், இருந்த இங்கிலீஷ் சேரையும் தூக்கிக் குடுத்துட்டீங்களே ராத்தா!” என்று அதிபர் தலையில் கைவைத்தார்.

“நல்ல ஐடியா எண்டது ஆரு?” என்று கமறியா சீறினாள்.

போகிற நாளில் வாசலில் வேன் வந்து நின்றது. கமறியா மகனுக்குக் கருவாடு கட்டிக்கொண்டே ஏசினாள். “உம்மாவ விட்டுட்டுப் போறியே, வெக்கமில்லையா?”

“நீங்கதானே பேசி முடிச்சீங்க, உம்மா.”

அதற்குள் அஸ்காவும் பையோடு அறையிலிருந்து வந்தாள்.

“நீ எங்கடி?”

“ஃபாஹிம் நானாவோட போறன். மதினி அங்கத்தப் பள்ளிக்கூடத்துல கதைச்சிட்டாங்க.”

“உன்ன ஆரு போகச் சொன்ன?”

“இங்க இருந்தா எனக்கு ஆரு கணக்குப் படிப்பிக்கிற, உம்மா?”

கமறியா கட்டிய கருவாட்டில் பாதியை எடுத்து மகளின் பையில் திணித்தாள்.

“போ. பாஸ் பண்ணாம இந்தப் பக்கம் வந்தியெண்டா கால முறிப்பன்,” என்று சொல்லிவிட்டு, வேன் போகும்வரைகூடப் பொறுக்காமல் அழுதாள்.